கோல் கீப்பர் பார்க்கப் போனோம்

எழுபதுகளில் நான்கு வருஷம் நான் மெல்பேர்ணில் ஓர் ஐஸ் ஹொக்கி அணிக்கு நிர்வாகியாக இருந்தவன். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டி ஒரு நாளாவது பனித்தரையில் நின்றிருக்கிறேனா என்றால், இல்லை. ஒரே ஒரு தடவை சாதாரணச் சப்பாத்தோடு கால் வைத்தேன். வைத்த கால் எந்தப் பக்கம் போனது என்று தெரியுமுன் மல்லாக்கக் கிடந்தேன். அதற்குப் பிறகு கரையில் நின்றுதான் நிர்வாகம் செய்தேன். கப்பல் கம்பனி நடத்துகிறவனுக்கு நீந்தத் தெரியவேண்டும் என்று எந்த நாட்டிலாவது சட்டம் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் நான் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கிளாக்கர். மேசை, கதிரை, தலைக்கு மேலே விசிறி, கூப்பிட்டால் ஓடிவர ஒரு பியோன். மெல்பேர்ணில் வந்து இறங்கியபோது என்னுடைய சான்றிதழ்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்று மாதம் அலைந்து கடைசியில் ஓர் இறைச்சிக் குளிர்சாலையில் வேலை கிடைத்தது. முழு மாட்டை நான்காகப் பிளந்து உள்ளே தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கால்பங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் லொறிக்குள் இருக்கும் கொளுக்கியில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாங்களோ முட்டைகூடச் சேராத சைவம். மனைவியின் தகப்பனார் ஊரில் கோயில் மனேச்சர். அந்த மாமாவுக்கு நான் மாடு தூக்குகிறேன் என்று எழுத முடியுமா? குளிர்பதன நிறுவனம் ஒன்றில் உத்தியோகம் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று வையுங்கள்.

ஐஸ் ஹொக்கி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என்னோடு மாடு தூக்கினவர்களில் பாதிப்பேர் அந்த விளையாட்டுக்காரர்கள். பின்லாந்து, ஹங்கேரி, போலந்து என்று எல்லாக் குளிர் தேசத்திலிருந்தும் வந்தவர்கள். வேலை முடிந்து போய்ப் பனித்தரையில் ஒருவரையொருவர் தள்ளி விழுத்துவார்கள், மறுநாள் காலையில் ஒன்றாக இருந்து பாண் சாப்பிடுவார்கள். ஒருநாள் பின்லாந்துக்காரன் ஒருவன் மத்தியஸ்தரைத் தடியால் தட்டிவிட்டான். தெரியாமல் பட்டது என்றான். தெரியாமல் இரண்டு தரம் பட்டதாம். ஆறு போட்டிக்குத் தடை விழுந்தது. அவனுக்கு ஆங்கிலம் வராது, மற்றவர்களுக்கு அதைவிட வராது. சரி, நான் ஒரு மனு எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்துக் கிளாக்கருக்கு மனு எழுதச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? மூன்று பக்கம். மாட்சிமை தங்கிய ஐயா என்று தொடங்கி, தாய்நாட்டிலே இவன் வரவை எதிர்பார்த்திருக்கும் வயோதிபத் தாயைக் கொண்டுவந்து, வாலிபத்தின் வேகத்தையும் தங்கள் பெருங்கருணையையும் எடுத்துச் சொல்லி, தங்கள் பணிவும் கீழ்ப்படிவுமுள்ள ஊழியன் என்று முடித்தேன். ஐஸ் ஹொக்கிச் சங்கத்துக்காரர் ஆறு போட்டியை இரண்டாகக் குறைத்தார்கள். தன்னை இப்படி மரியாதையாக யாரும் இதற்கு முன் விளித்ததில்லை என்று சங்கத்துச் செயலாளர் சொன்னாராம்.

அந்தக் கிழமையே அணியின் தலைவர் என்னைத் தேடி வந்தார். அவர் ஒரு ஹங்கேரிக்காரர். பனி அரங்கும் அவருடையதுதான். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. மனிதர் என்னை நிர்வாகி ஆக்கினதோடு நிற்காமல், பெயர் போட்டு நூறு விசிற்றிங் கார்ட்டும் அடித்துத் தந்தார். தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணி, நிர்வாகி என்று பளபளக்கும் எழுத்து. உண்மையில் அங்கே தொழில் எல்லோருக்கும் இருந்தது, முறைதான் இல்லை. எனக்குச் சம்பளம் என்று ஒரு சதமும் கிடையாது. என் வேலை சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது, நாறுகிற சட்டைகளைச் சேர்த்து எடுப்பது, விழுந்த பல்லைப் பொறுக்கி இன்னாருடையது என்று கடித உறையில் எழுதி வைப்பது. ஆனால் மாடு தூக்குகிற இடத்தில் என்னை 'ஏய்' என்று கூப்பிட்டவர்கள், அரங்குக்கு வந்தால் 'மிஸ்டர் மனேஜர்' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் பல்லென்ன, முழுத் தாடையையே பொறுக்கியிருப்பேன்.

கார்ட்டில் இரண்டை மாமாவுக்கு அனுப்பினேன். அவர் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகவும், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவதாகவும் மாமி எழுதினார். அதை வாசித்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இரண்டாம் வருஷம், போட்டிகள் தொடங்க ஒரு மாதம் இருக்க, எங்கள் கோல் கீப்பர் முழங்காலை உடைத்துக்கொண்டான். விளையாடி உடைத்திருந்தாலும் பரவாயில்லை, யாருடையதோ கலியாண வீட்டில் ஆடி உடைத்தான். ஐஸ் ஹொக்கியில் கோல் கீப்பர் என்பவன் சும்மா கிடைக்கிற ஆள் இல்லை. கல்லுப் போலப் பறந்து வரும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டுக்கு முன்னால் தானாகப் போய் நிற்கிறதற்குக் கொஞ்சம் கழன்றிருக்க வேண்டும். மெல்பேர்ணில் அப்படிக் கழன்றவர்கள் எல்லோரும் வேறு அணிகளில் இருந்தார்கள். பதிவு முடிகிற சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு கோல் கீப்பர் கையெழுத்து வைக்காவிட்டால் அணியே போட்டியிலிருந்து நீக்கப்படும் என்பது சங்கத்தின் விதி. தலைவர் என்னைக் கூப்பிட்டு, மூன்று கிழமை தருகிறேன், ஆளைக் கொண்டுவா, இல்லாவிட்டால் அணியும் இல்லை, மிச்சக் கார்ட்டையும் திருப்பித் தந்துவிடு என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது முருகனுக்குப் பக்கத்தில் தொங்குகிற கார்ட்தான்.

விசாரித்ததில் சிட்னியில் ஒருவன் இருப்பது தெரிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தாயோடு வந்து மெரிலேண்ட்ஸில் இருக்கிறான், ஓடு செய்கிற தொழிற்சாலையில் வேலை, கையும் காலும் மின்னல், இருக்கிற அணியில் மனக்குறை. நம்பரும் கிடைத்தது. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் ரெலிபோன் வந்திருந்தது. நான் ரிசீவரைக் கையில் எடுத்தேன். குசினிக்குள்ளிருந்து மனைவி வந்து அதை வாங்கித் திரும்ப வைத்தாள்.

"போனிலயோ கதைக்கப் போறியள்? ஒரு தாய்க்கு ஒரே பிள்ளை. வீட்டை போய் முகத்தைக் காட்டாட்டி ஆர் குடுப்பினம்?" என்றாள்.

நான் இது கலியாணம் இல்லை, ஐஸ் ஹொக்கி என்றேன். பெத்த பிள்ளையை இன்னொருத்தரை நம்பி அனுப்புறது எல்லாம் ஒண்டுதான் என்று சொல்லிவிட்டு அவள் அரிசி ஊறப்போடப் போய்விட்டாள். மூன்று அக்காமாருக்கு மாப்பிள்ளை பேசினதைக் கூட இருந்து பார்த்தவள். அவளுக்கு முன்னால் நான் என்ன நிர்வாகி?

உண்மையில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் அப்படித்தானே. நாலு இடத்தில் விசாரிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள், மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைப்பார்கள், வந்த காரியத்தை மட்டும் வாயால் சொல்லமாட்டார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மாப்பிள்ளையின் கந்தோருக்குப் போய் எட்டிப் பார்ப்பார்கள். என்னையும் மாமா அப்படித்தான் ஐஸ் தொழிற்சாலைக்கு வந்து பார்த்தார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் தலை வைத்து நல்ல நித்திரை. பியோன் ஓடிவந்து, ஐயா குனிந்து வேலை செய்கிறார் என்று வாசலிலேயே சமாளித்து அனுப்பிவிட்டான். நான் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறவன் என்று நம்பித்தான் மாமா பெண் தந்தார். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய் என்று சும்மாவா சொன்னார்கள்?

சிட்னிக்குத் தலைவரின் ஸ்டேஷன் வாகனில் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். மனைவி அவரைக் கதிரையில் இருத்தி மூன்று தரம் தேத்தண்ணி கொடுத்தாள். மனிதர் பெற்றோல் நிலையம், தூரம், வெயில் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே நாலாவது தேத்தண்ணியை வைத்தாள். பத்தரை தாண்டி எழும்பும்போது இன்னொரு சிக்கல் வந்தது. மனைவியோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது, போனால் நாலாவதாக ஒரு கல்லையாவது கொண்டு போக வேண்டும். நோபல் பார்க்கில் புது வீடுகள், முற்றமெல்லாம் புல்லு, அவசரத்துக்கு ஒரு கல்லுக்கு எங்கே போவது? தலைவரின் வாகனத்துக்குப் பின்னால் கிடந்த ரப்பர் வட்டு ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அது ஏன் என்று தலைவர் கேட்டார். விளக்கினேன். பத்து மைல் வரைக்கும் அவர் கண்ணாடியில் அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

வழியில் ஒரு விடுதியில் தங்கி, ஞாயிறு பின்னேரம் ராகுகாலத்துக்கு முன்பாக மெரிலேண்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். வாகனத்தால் இறங்குமுன் மனைவி தலைவருக்குக் கடைசி உத்தரவு கொடுத்தாள். அவர் மூத்தவர், மூத்தவர்கள் சபையில் வாயைத் திறந்தால் மதிப்புக் கெடும், கொன்ட்ராக்ட் என்ற சொல்லை எடுக்கவே கூடாது. கேட்டால் மலிந்து போவோம் என்று அவள் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெரிய மீசைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

பையன் நெட்டையாக, வெட்கப்பட்ட முகத்தோடு இருந்தான். தாய்க்கு ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை, அவன்தான் மொழிபெயர்த்தான். வீடு சின்னது, ஆனால் ஜன்னல் சீலை வெள்ளை வெளேரென்று இருந்தது. மனைவி அதைக் கண்ணால் எனக்குக் காட்டினாள். கொண்டுபோன சீனி அரியதரத்தையும் முறுக்கையும் தட்டில் அடுக்கி, வாழைப்பழத்தோடு தாயின் கையில் கொடுத்தாள். அந்த அம்மா கசகசா வைத்த கேக் ஒன்றை வெட்டிக் கோப்பியோடு தந்தார். முட்டை போட்டதாய்த்தான் இருக்கும், நான் கேட்கவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன். மனைவியும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டாள். அணிக்காக அவள் செய்த தியாகம் அது.

பிறகு விசாரணை தொடங்கியது. தகப்பன் என்ன வேலை, எப்போது தவறினவர், குடும்பத்தில் நீரிழிவு உண்டா, பிள்ளைக்குச் சாப்பாட்டில் எது விருப்பம், காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறது. பையன் ஒவ்வொன்றையும் குழம்பிக் குழம்பி மொழிபெயர்த்தான். ஹொக்கியைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தான். தாய் மட்டும் ஒரு கேள்விக்கும் குழம்பவில்லை. நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு அவரும் கேட்டார். இந்த மனிதர் என்ன உத்தியோகம்?

நான் கார்ட்டைக் கொடுத்தேன். பகலில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில் மேற்பார்வை என்றும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் மீசைக்குள் இருமினார். மனைவி கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். அந்த அம்மா கார்ட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்தார்.

எழும்பும்போது போகிறோம் என்று சொல்லலாமா? போட்டு வாறம், அதாவது போய்விட்டு வருகிறோம் என்பதுதானே எங்கள் வழக்கம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, கும்பிட்டு விடைபெற்றோம். காரியம் பழம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சிட்னி எல்லை தாண்டியதும் தலைவர் வெடித்தார். அறுநூறு மைல் ஓடிப்போய்க் கேக் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அந்தப் பொடியனிடம் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இது என்ன பைத்தியக்கார வேலை என்று மெல்பேர்ண் வரும் வரைக்கும் திட்டினார். நடுநடுவே ஹங்கேரி மொழியிலும் திட்டினார், அது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். மனைவி பின் இருக்கையில் இருந்து, ஒரு கிழமையில் பதில் வரும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

ஒரு கிழமை போனது. பதில் இல்லை. இரண்டாம் கிழமையும் அப்படியே. கேட்டால் மலிந்து போவோம் என்று மனைவி என்னைப் போனுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. மூன்றாம் கிழமை தொடக்கத்தில் இடி விழுந்தது. எதிர் அணியின் நிர்வாகி, கனடாக்காரர் ஒருவர், மெரிலேண்ட்ஸுக்கு விமானத்தில் போய், கடுதாசியையும் பேனையையும் மேசையில் வைத்து, இந்தா இவ்வளவு தருகிறேன், கையெழுத்து வை என்று கேட்டாராம். அதோடு விட்டாரா? உங்களிடம் வந்துபோன ஆள் நிர்வாகியும் இல்லை, மேற்பார்வையும் இல்லை, இன்ன குளிர்சாலையில் மாடு தூக்குகிறவன் என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை எங்கள் அரங்கிலேயே நின்று சொல்லிச் சிரித்தார். மாடு தூக்குகிற என் கூட்டாளிகள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "மொட்டைக் கடிதம் போட்டிட்டான்" என்றாள் மனைவி. எங்கள் ஊரில் ஒரு கலியாணத்தைக் குழப்புவதற்குப் பெயர் போடாமல் எழுதுகிற கடிதத்தை அப்படிச் சொல்வோம். அவள் சொன்ன தொனியில், இதெல்லாம் முறைப்படிதான் நடக்கிறது என்ற திருப்தி வேறு இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உம்மட முறையாலதான் என்ர அணி போச்சு, போனில ரெண்டு நிமிசம் கதைச்சிருந்தா முடிஞ்ச காரியம், உள்ளதும் போச்சு என்று கத்தினேன். அடுத்த மூன்று நாளும் எனக்குப் பாணும் ஜாமும்தான்.

அந்த மூன்று நாளும் நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அணி போனால் மிஸ்டர் மனேஜர் போய்விடுவான். மிச்சமிருப்பது மாடு தூக்குகிற 'ஏய்' மட்டும்தான். அதைத்தான் மாமா இனிமேல் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருப்பார், தனக்குத் தெரியாமலே.

வெள்ளிக்கிழமை, பதிவு முடிகிறதற்கு முதல்நாள். பத்து மணியிருக்கும். கால் மாடு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு குளிர் அறையிலிருந்து வெளியே வந்தேன். வெள்ளைக் கோட்டில் இரத்தம், காலில் ரப்பர் பூட்ஸ், மூக்கால் தண்ணி. லொறிக்குப் பக்கத்தில் தொப்பியும் கைப்பையுமாக ஓர் அம்மா நின்றார். பக்கத்தில் அந்த நெட்டைப் பையன்.

நான் விறைத்துப் போனேன். திரும்பி உள்ளே ஓடலாம் என்றால் பின்னால் இன்னொருவன் மாட்டோடு வருகிறான். இறக்கி வைக்கலாம் என்றால் இறைச்சி நிலத்தில் பட்டால் அவ்வளவுதான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லொறிக்குள் போகலாம் என்றால் அவர்கள் வழியில் நிற்கிறார்கள். அப்படியே நின்றேன். தலையை மட்டும் அசைத்து வணக்கம் சொன்னேன்.

தாய் கிட்ட வந்து என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார். மகனிடம் ஏதோ சொன்னார். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன்.

"இது எவ்வளவு பாரம் எண்டு அம்மா கேக்கிறா."

உங்கள் அம்மா அளவு இருக்கும் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டு, நல்ல பாரம் என்றேன்.

"எப்பவாவது கீழை போட்டிருக்கிறீங்களோ எண்டு கேக்கிறா."

"இல்லை" என்றேன். அந்த வருஷத்தில் நான் சொன்ன சுத்தமான உண்மை அது ஒன்றுதான்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு நீளமாகப் பேசினார். பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களை மாடு தூக்கிற ஆள் எண்டு மற்ற அணிக்காரர் வந்து சொன்னவர். தூக்கிறதைக் கீழை போடுறவரோ எண்டு அம்மா அவரைக் கேட்டவ. அது தனக்குத் தெரியாதெண்டிட்டார். அதான் அம்மா தானே பாக்க வந்தவ. அவர் அம்மா வைச்ச கேக்கையும் தொடேல்லை. நீங்கள் போட்டு வாறம் எண்டு சொன்னதால, அண்டைக்கு உங்களுக்குத் திரும்பவும் கோப்பி போட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தவ. நீங்கள் வரேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அழுவது லேசான காரியம் இல்லை. கண்ணைத் துடைக்கக் கை கிடையாது. மன்னிக்கச் சொல்லு, மேற்பார்வை என்று சொன்னது பொய் என்றேன். அதை அவன் மொழிபெயர்க்க முன்பே தாய் விலகி வழிவிட்டார். போய் மாட்டை மாட்டிவிட்டு வரும்படி கையைக் காட்டினார். நான் மாட்டிவிட்டு வரும் வரைக்கும் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது. தாய் சிட்னியில் தன் வேலையை விட முடியாது. மகனுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. ஆகவே அவன் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இருக்கிறது இரண்டு அறை, இது எப்படிச் சரிவரும் என்று நான் மனைவியைப் பார்த்தேன்.

"எங்கட ஊரிலயும் மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டை வாறவர்" என்றாள் அவள். அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எனக்கும் நாலு நாளைக்குப் பிறகு சோறு கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பையன் கையெழுத்து வைத்தான். பத்தரைக்கு முன்னால் பேனையைத் தொட மனைவி விடவில்லை. சங்கத்துச் செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்கத் தலைவர் வியர்த்துக் கொட்டினார், அதுவும் பனி அரங்குக்குள். கையெழுத்து விழுந்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கக் குனிந்தார். அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு அரியதரத்தை நீட்டினாள். கனடாக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த வருஷம் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். அதற்கு முதல் வருஷம் கடைசி. ஒரு நிர்வாகி இதற்கு மேல் என்ன செய்வான்? பையன் மூன்று வருஷம் எங்கள் வீட்டில் இருந்து புட்டும் சொதியும் சாப்பிட்டான். தாய் ஒவ்வொரு தடவை வந்து திரும்பும்போதும், வாசலில் நின்று போட்டு வாறன் என்று தமிழில் சொல்லுவார். சொன்னபடி வரவும் வருவார்.

ஆனால் அந்த லொறிக்குப் பக்கத்தில் எனக்கு நின்மதியில் ஒரு பாதிதான் கிடைத்திருந்தது. மற்றப் பாதி யாழ்ப்பாணத்தில் சுவரில் தொங்கியது. நீங்கள் எழுதாட்டி நான் எழுதுவன் என்று மனைவியும் சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாமாவுக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். மாடு தூக்குவதை எழுதினேன். கேக் சாப்பிட்டதையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. பழக்க தோஷத்தால் தங்கள் பணிவும் கீழ்ப்படிவுமுள்ள ஊழியன் என்று முடித்துவிட்டேன்.

ஆறு கிழமை பதிலே இல்லை. பிறகு நீல நிற விமானத் தபால் ஒன்று வந்தது. எனக்குப் பிரிக்கத் துணிவில்லை. மனைவிதான் பிரித்து வாசித்தாள். ஊர்ப் புதினம், கோயில் திருவிழா, மாமியின் முழங்கால் எல்லாம் முடிந்து, கடைசியில் மாமா இப்படி எழுதியிருந்தார்.

'மருமகனுக்கு, நான் அன்று ஐஸ் தொழிற்சாலைக்கு வந்தபோது பியோன் சொன்னதை நம்பித் திரும்பவில்லை. பக்கத்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நீர் குறட்டை விட்டு நித்திரை கொண்டீர். வாக்குக் கொடுத்தாகிவிட்டதால் மாற முடியவில்லை. வேலை செய்யாத ஒருவருக்குப் பிள்ளையைக் கொடுக்கிறேனே என்று கலியாணத்தன்றும் கவலைப்பட்டேன், இத்தனை வருஷமும் கவலைப்பட்டேன். உமது கடிதம் கண்டபின்தான் நின்மதியாக நித்திரை கொள்கிறேன். கார்ட்டைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நன்றாகத் தலைமுழுகித் தோய்ந்துவிட்டு வீட்டுக்குள் போகவும்.'